முறிந்த முதுகுகளை நிமிர்த்திய மருத்துவர் – சேர் லுட்விக் குட்மன்

நோயைத் தீர்த்த மருத்துவர்கள் உலகில் பலர். நோயாளிக்கு அவன் இழந்த வாழ்வையே மீட்டுக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். அத்தகைய ஒருவரின் வரலாற்றை எமது மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை இம்மலருக்கு வழங்குகின்றோம். அவர் பிறந்தது ஜேர்மனியில். பணியாற்றிப் புகழ் பெற்றது நாம் இன்று வாழும் இந்த இங்கிலாந்தில். இலண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், எயில்ஸ்பரி நகரை அடுத்து ஸ்ரோக் மண்டெவில் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள மருத்துவமனையின் புற்றரையில் 1948ஆம் ஆண்டில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்லேந்திப் போட்டியிட்டனர். அன்று இடப்பட்ட அவ்விதையே இன்று பராலிம்பிக் விளையாட்டு விழா என உலகம் போற்றும் பெருமரமாய் வளர்ந்து நிற்கின்றது. விதையை இட்டவர் சேர் லுட்விக் குட்மன்.

அவரை விளையாட்டு விழாவொன்றைத் தொடக்கியவர் என்று மட்டும் அறிந்து வைத்திருப்போர் பலர். ஆனால் அவர் முதலில் ஒரு மருத்துவர். விளையாட்டு அவருக்கு மருந்தாகவே அறிமுகமாயிற்று. காயமுற்ற உடல் எப்போது குணமடைந்தது எனக் கொள்ள வேண்டும் என்ற வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக ஆக்கியவர் அவர்.

இளமையில் கண்ட காட்சி

லுட்விக் குட்மன் 1899ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆம் நாள் தோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர் அன்று ஜேர்மன் பேரரசின் மேல் சிலேசியாப் பகுதியில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் சிறு குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் கோனிக்ஸ்ஹுட்டே என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. சுரங்கம் இடிந்து விழுவதும் தொழிலாளர் அங்கங்கள் முறிந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவதும் அங்கு புதுமையல்ல.

1917ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பதின்ம வயதினரான குட்மன் அந்நகரின் விபத்து மருத்துவமனையொன்றில் தொண்டராகப் பணிபுரிந்தார். அங்கே முள்ளந்தண்டு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் கொண்டுவரப்பட்டார். வயதில் இளையவர், திடகாத்திரமானவர். மருத்துவர்கள் அவர் உடலைச் சாந்துக் கட்டினால் இறுக்கிக் கட்டி, மறைப்புத் திரைக்குப் பின்னே கிடத்தினர். இவர் சில வாரங்களில் இறந்துவிடுவார், இவரைப் பற்றி விரிவாகக் குறிப்பெழுத வேண்டியதில்லை என இளைஞர் குட்மனுக்கு அறிவுறுத்தப்பட்டது. அவ்வாறே ஐந்து வாரங்களில் அத்தொழிலாளி உயிர் நீத்தார். உயிரைப் பறித்தது முதுகின் முறிவன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் குருதியில் ஏற்றிய நஞ்சே அவரைக் கொன்றது. அவ்விளைஞரின் முகம் குட்மனின் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

அடுத்த ஆண்டு அவர் பிறெஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். பின்னர் பிறைபேர்க் நகரிற் கல்வியைத் தொடர்ந்து 1924இல் மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் யூத மாணவர் சங்கமொன்றில் அவர் இணைந்திருந்தார். யூதரை இழிவுபடுத்துவோர் முன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமாயின் உடலிலும் உறுதி வேண்டும் என்பது அச்சங்கத்தாரின் கொள்கை. இழிவுபடுத்தப்பட்டவனுக்கு உடற்பயிற்சி தன்மதிப்பையும் ஊட்டும் என்பதை அவர் அங்கேயே கண்டுகொண்டார் எனலாம்.

பட்டம் பெற்றபின் பிறெஸ்லோவில் ஒட்பிரிட் பேர்ஸ்டர் என்னும் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மூளை, முண்ணாண், நரம்பு ஆகியவற்றின் நோய்களை ஆராய்வதிலும் அறுவை மருத்துவம் செய்வதிலும் பேர்ஸ்டர் நிகரற்றவர். அவ்வாசானிடம் பெற்ற பயிற்சியால், முப்பதுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியின் முன்னணி நரம்பியல் மருத்துவர்களுள் ஒருவராகக் குட்மன் மதிக்கப்பட்டார்.

இருள் சூழ்ந்த காலம்

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இனத்தவர் அரச பதவிகளிலிருந்து விலக்கப்பட்டனர். குட்மனும் தாம் பணிபுரிந்த மருத்துவமனையை விட்டு நீங்க நேர்ந்தது. வெளிநாடு செல்லும் வாய்ப்பு இருந்தும் அவர் உடனே செல்லவில்லை. பிறெஸ்லோவின் யூத மருத்துவமனையிற் பணியேற்று, 1937இல் அதன் தலைமை மருத்துவர் ஆனார்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு ஜேர்மனி எங்கும் யூதரின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் உடைக்கப்பட்டன, ஆண்கள் ஆயிரக்கணக்கில் கைதாகித் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அன்றிரவு மருத்துவமனையின் வாயிலை நாடி வருவோர் எவராயினும், நோய் உண்டா இல்லையா என வினவாது, உள்ளே சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் தம் ஊழியருக்குக் கட்டளையிட்டார். 64 பேர் அவ்வாறு தஞ்சம் புகுந்தனர். மறுநாள் இரகசியக் காவற்படையினர் வந்து, ஒரே இரவில் இத்தனை நோயாளிகள் எங்கிருந்து வந்தனர் என விளக்கம் கோரினர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கொடிய நோயின் பெயரைக் கூறித் தம் மருத்துவ அறிவு முழுவதையும் கேடயமாக்கினார். 60 பேர் கைதாகாது தப்பினர். சிக்கியிருந்தால் அவருடைய உயிரும் அன்றே போயிருக்கும்.

அவ்வாண்டின் இறுதியில் எதிர்பாராத வாய்ப்பொன்று கிட்டியது. போர்த்துக்கல் நாட்டின் ஆட்சியாளர் சலசாரின் நண்பர் ஒருவருக்கு மருத்துவம் பார்க்குமாறு நாசி அரசின் வெளிநாட்டமைச்சரே குட்மனை லிஸ்பன் நகருக்கு அனுப்பினார். இல்லாதொழிக்க எண்ணிய இனத்தவரின் அறிவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. திரும்பும் வழியில் அவர் இலண்டனிற் சிறிது தங்கினார். துன்புறுத்தப்பட்ட அறிஞரைக் காக்கவென இங்கு இயங்கிய சங்கமொன்று அவர் குடும்பத்திற்கு நுழைவு அனுமதி பெற வழி செய்தது. 1939ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், மனைவி எல்சாவுடனும் சிறு பிள்ளைகளான மகனுடனும் மகளுடனும் அவர் இங்கிலாந்தில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. அடுத்த ஆறு மாதங்களுக்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

அகதியின் காத்திருப்பு

தம் நாட்டிற் புகழுடன் விளங்கிய மருத்துவர், வந்த நாட்டில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியவரானார். மொழி புதிது, முறைகள் புதியன. ஒக்ஸ்போர்ட் நகரில் நரம்புக் காயங்கள் பற்றி ஆராயும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் ஆய்வுகூடத்தில் இருந்த அவர் மனம் நோயாளிகளையே நாடிற்று. ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. புலம்பெயர்ந்து வந்து, கற்ற கல்விக்கேற்ற பணி கிட்டாது காத்திருந்த அனுபவம் எமது பெற்றோர் பலருக்கும் உண்டு. அவர்களுக்கு இந்நான்கரை ஆண்டுகளின் நீளத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

1943ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசு அவரை நாடியது. ஐரோப்பியக் கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முள்ளந்தண்டில் காயமுற்ற போர்வீரர் பலர் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது. அவர்களுக்கெனத் தனிப்பிரிவொன்றை ஸ்ரோக் மண்டெவில் மருத்துவமனையில் அமைத்து அதன் பொறுப்பை ஏற்குமாறு குட்மனை வேண்டினர். தம் முறைப்படி மருத்துவம் செய்யத் தமக்கு முழு உரிமை வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவர் உடன்பட்டார். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் அப்பிரிவு திறக்கப்பட்டது. நம்பிக்கையற்ற நோயாளிகளுக்காக இவர் ஏன் காலத்தை வீணாக்குகின்றார் என மருத்துவத் தோழர்கள் பலர் வியந்தனர். சுரங்கத் தொழிலாளியின் முகத்தை மறவாதிருந்த குட்மனுக்கோ, இப்பணிக்காகவே தாம் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததாகத் தோன்றியது.

இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை

அவர் செய்த மாற்றத்தை உணர வேண்டுமாயின் முள்ளந்தண்டுக் காயம் எத்தகையது என்பதை நாம் சிறிது அறிதல் வேண்டும். முள்ளந்தண்டு என்னும் எலும்புத் தொடரின் உள்ளே முண்ணாண் செல்கின்றது. மூளையின் கட்டளைகள் அதன் வழியே கீழிறங்குகின்றன. உடலின் உணர்வுகள் அதன் வழியே மேலேறுகின்றன. அது அறுபட்டால் மீண்டும் பொருந்துவதில்லை. இன்றைய மருத்துவமும் அதனை முற்றாகச் சீராக்கும் வழியை இன்னும் காணவில்லை. காயத்திற்குக் கீழே அசைவும் உணர்வும் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் போய்விடுகின்றன.

நாம் உறக்கத்திலும் எம்மை அறியாமலே புரண்டு படுக்கின்றோம். ஒரே பக்கமாய்க் கிடந்தால் அவ்விடம் நோகும். நோவு எம்மைப் புரள வைக்கும். உணர்வற்ற உடலுக்கு அந்நோவு இல்லை. அழுத்தப்பட்ட இடத்திற் குருதியோட்டம் நின்று சில மணித்தியாலங்களிலேயே தசை அழியத் தொடங்கும். புண் ஆழ்ந்து எலும்பு வரை செல்லும். சிறுநீர்ப்பையில் தேங்கிய நீரிற் கிருமி பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். முதலாம் உலகப் போரில் முண்ணாண் காயமுற்ற வீரருட் பெரும்பாலோர் இவ்விரு காரணங்களாலேயே மாண்டனர். தவிர்க்க முடியாத சாவு என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்தது உண்மையில் கவனிப்பின்மையால் விளைந்த சாவு என்பதே குட்மனின் முடிவு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டொனல்ட் மன்றோ என்னும் மருத்துவரும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதே வழியிற் சிந்தித்துச் செயலாற்றத் தொடங்கியிருந்தார் என்பதையும் இங்கு குறிப்பிடுதல் முறை.

ஸ்ரோக் மண்டெவிலுக்கு வந்த வீரர்களின் சாந்துக் கட்டுகளைக் குட்மன் அகற்றுவித்தார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும், புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும் என விதித்தார். அது பேரறிவு வேண்டிய அறுவை மருத்துவமன்று, புதிய மருந்துமன்று. தவறாத கவனம் ஒன்றே வேண்டிய பணி. நள்ளிரவிலும் எதிர்பாராத வேளையில் விடுதிக்கு வந்து, விதித்தபடி நடக்கின்றதா எனப் பார்ப்பார். சிறுநீரை அகற்றும் கருவிகள் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதிற் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டார். புதிதாய் வந்த கிருமிகொல்லி மருந்துகளும் அவருக்குத் துணை நின்றன. புண்கள் ஆறின. சாவை எதிர்பார்த்து வந்த இளைஞர் பிழைத்தனர்.

உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா?

இங்கேதான் குட்மனின் பெருமை வெளிப்படுகின்றது. உயிரைக் காத்ததோடு தம் பணி முடிந்தது என அவர் எண்ணவில்லை. வாழ்நாள் முழுவதும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பதற்காகவா இவர்களைக் காப்பாற்றினோம் எனத் தம்மையே வினவிக்கொண்டார்.

ஆகவே இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, அவர் விடுதியின் நாளாந்தக் கடமையாயிற்று. அசையாத கால்களின் மூட்டுகள் இறுகிப் போகாதவாறு பயிற்சியாளர் அவற்றை ஒவ்வொரு நாளும் மடக்கி நீட்டினர். நீண்ட நாள் படுத்தவரை எழுப்பி அமர்த்தினால் தலை சுற்றும். ஆகவே சிறிது சிறிதாக நிமிர்த்தி அமரப் பழக்கினர். இடுப்பின் கீழ் உணர்வற்றவருக்குத் தாம் நேராக இருக்கின்றோமா சாய்ந்து இருக்கின்றோமா என்பதே தெரியாது. அவர்களைக் கண்ணாடியின் முன் அமர்த்தி, இழந்த உணர்வின் இடத்திற் கண்பார்வையைத் துணைகொண்டு சமநிலை காக்கப் பயிற்றினர். முதுகின் இருபுறமும் பரந்த பெருந்தசை ஒன்றுண்டு. அது மேற்கையையும் இடுப்பெலும்பையும் இணைப்பது. அதற்கான நரம்போ கழுத்துப் பகுதியிலிருந்து வருவது. ஆகவே நெஞ்சுக்குக் கீழே முண்ணாண் அறுபட்டவரிடத்தும் அத்தசை உயிருடன் இருக்கும். அதனை வலுப்படுத்தினால் அவர் நிமிர்ந்து அமரலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறலாம்.

உடற்பயிற்சியோடு தொழிற்பயிற்சியும் சேர்ந்தது. தச்சு வேலை, கடிகாரம் திருத்துதல், தட்டச்சு எனப் பலவும் கற்பிக்கப்பட்டன. மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளில் நோயாளி வரி செலுத்தும் குடிமகனாகச் செல்ல வேண்டும் என்பது அவர் குறிக்கோள்.

ஆனால் ஒரே பயிற்சியை நாள்தோறும் செய்வது எவருக்கும் சலிப்பூட்டும். மனமுடைந்த இருபது வயது இளைஞனுக்கு அது மேலும் கசக்கும். அதற்கான மருந்தை அவர் விளையாட்டிற் கண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு ஊன்றுகோலால் உருளையைத் தட்டும் விளையாட்டு முதலில் தோன்றியது. ஊக்கம் மிகுந்து ஒருவரையொருவர் மோதிக் காயப்படுத்தத் தொடங்கியதால் அது கைவிடப்பட்டு, காலப்போக்கிற் கூடைப்பந்தாட்டம் அவ்விடத்தைப் பெற்றது. மேசைப்பந்து, ஈட்டி எறிதல் முதலியனவும் சேர்ந்தன. பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், ஆட்டம் என்றால் நேரம் போவது தெரியாது கையை வீசினார். மருத்துவர் விரும்பிய அசைவு அவரை அறியாமலே நிகழ்ந்தது.

அம்பெய்தலைக் குட்மன் பெரிதும் விரும்பினார். வில்லை இழுக்கும்போது தோளும் முதுகும் வலுப்பெறும்; உடல் சமநிலை கற்கும். அத்துடன், நின்று எய்பவரோடு அமர்ந்து எய்பவர் சரிநிகராகப் போட்டியிடக்கூடிய ஆட்டம் அது. அவர் மறைவுக்குப் பின், 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் நியூசிலாந்தைச் சேர்ந்த நெரோலி பெயர்ஹோல் என்னும் வீராங்கனை சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஏனைய வீராங்கனைகளோடு அம்பெய்தலிற் கலந்துகொண்டார். குட்மனின் கணிப்பு மெய்யாயிற்று.

புற்றரையிலிருந்து உரோம் நகருக்கு

1948ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் ஸ்ரோக் மண்டெவில் மருத்துவமனையில் 14 ஆண்களும் 2 பெண்களும் அம்பெய்தற் போட்டியிற் கலந்துகொண்டனர். இரு விழாக்களும் ஒரே நாளில் அமைந்ததில் ஒரு பொருள் இருந்தது. சக்கர நாற்காலி வீரருக்கும் ஒருநாள் ஒலிம்பிக்கு நிகரான விழா உண்டாகும் என அவர் வெளிப்படையாகவே கூறி வந்தார். கேட்டோர் பலர் அதனை நல்ல மனிதரின் ஆசை என எண்ணினரேயன்றி நடக்கக்கூடியதெனக் கருதவில்லை.

1952இல் நெதர்லாந்து நாட்டு வீரர்கள் வந்து கலந்துகொண்டதும் அப்போட்டி பன்னாட்டு விழாவாயிற்று. 1956இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு, ஒலிம்பிக் நோக்கிற்குச் செய்த தொண்டைப் பாராட்டி பேர்ன்லி கிண்ணத்தை ஸ்ரோக் மண்டெவில் விளையாட்டுகளுக்கு வழங்கியது. 1960இல் உரோம் நகரில் ஒலிம்பிக் விழா முடிந்த சில நாட்களில், 23 நாடுகளைச் சேர்ந்த 400 வீரர்கள் அங்கு கூடினர். பிற்காலத்தில் முதலாவது பராலிம்பிக் விழா எனக் கணிக்கப்பட்டது அதுவே.

அவ்விழாவிற் பிரித்தானியாவுக்கு முதற் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் மார்கரெட் மோகன் என்னும் ஆசிரியை. ஆபிரிக்காவில், இன்று மலாவி எனப்படும் நாட்டில் ஆசிரியப் பணி புரிந்தபோது 1959இல் வீதி விபத்தில் முதுகு முறிந்து, ஸ்ரோக் மண்டெவிலுக்குக் கொண்டுவரப்பட்டவர். சிகிச்சையின் பகுதியாகவே அங்கு வில்லைக் கையிலெடுத்தார். உரோமிற் போட்டி முடிந்ததும் திரும்பிச் செல்லும் பேருந்தில் ஏறியிருந்த அவரைத் தேடி வந்து, பதக்கம் பெற வருமாறு அழைத்தனராம். தாம் வென்றதையே அவர் அறிந்திருக்கவில்லை. 2012இல் இலண்டன் பராலிம்பிக் விழாவில் தீபத்தை ஏற்றும் பேறு அவருக்கே கிட்டியது.

1964இல் தோக்கியோ, 1968இல் தெல் அவிவ், 1972இல் ஹைடல்பேர்க், 1976இல் ரொறன்ரோ என விழா நாடு விட்டு நாடு சென்றது. ஹைடல்பேர்க்கில், 1965ஆம் ஆண்டுப் போரிற் குண்டுக் காயமுற்ற இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் தங்கம் வென்றார். தொடக்கத்தில் முண்ணாண் காயமுற்றோருக்கே உரியதாயிருந்த விழாவில், ரொறன்ரோவிலிருந்து பார்வை இழந்தோரும் அங்கம் இழந்தோரும் இடம்பெற்றனர்.

மனிதரும் மறைவும்

குட்மன் இனிய சொற்களையே பேசும் மென்மையானவர் அல்லர். கண்டிப்பானவர், விரைவிற் சினம் கொள்பவர், பயிற்சிக்கு வர மறுத்த நோயாளியை விட்டுவிடாதவர். ஆயினும் அவரைத் தந்தை என்னும் பொருள்பட நோயாளிகள் செல்லப்பெயரிட்டு அழைத்தனர். தம்மீது இரக்கம் கொள்வோரைப் பலர் கண்டிருந்தனர். தம்மிடம் எதிர்பார்ப்பு வைத்தவரை அவர்கள் கண்டது இவரிடமே.

1945இல் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். 1966இல் சேர் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1969இல் ஸ்ரோக் மண்டெவிலில் அமைந்த விளையாட்டரங்கை எலிசபெத் மகாராணியார் திறந்து வைத்தார். 1976இல் இந்நாட்டின் தலைசிறந்த அறிவியற் கழகமாகிய றோயல் கழகத்தின் உறுப்பினரானார். முண்ணாண் காயங்கள் பற்றிய பெருநூலையும், இயலாதோர் விளையாட்டுகள் பற்றிய பாடநூலையும் எழுதினார். ஓய்வு பெற்றபின்னும் ஓயாது உழைத்த அவர், 1980ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் தமது எண்பதாவது வயதில் மறைந்தார்.

2012 இலண்டன் விழாக்களின் சின்னப் பாத்திரங்களுள் ஒன்றுக்கு மண்டெவில் எனப் பெயரிடப்பட்டதைப் பிள்ளைகள் சிலர் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கலாம். 2024இல் பாரிஸ் விழாவுக்கான தீபம் ஸ்ரோக் மண்டெவிலிலேயே ஏற்றப்பட்டது. தமிழ் நாட்டின் சேலம் மாவட்டத்தில், பள்ளி செல்லும் வழியில் ஐந்து வயதிற் பேருந்தின் சில்லில் அகப்பட்டு வலது காலின் பயனை இழந்த மாரியப்பன் தங்கவேலு, 2016இல் றியோ நகரில் உயரம் பாய்தலில் 1.89 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். தொடர்ந்து தோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். பாரிஸிற் பூப்பந்தாட்டத்தில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய தமிழ் வீராங்கனையர் மூவர் பதக்கம் பெற்றனர். அந்தப் புற்றரையிற் தொடங்கிய பாதை எமது ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

நாம் பெறும் பாடம்

எமது மாணவர் பலர் உதைபந்தும் றக்பியும் வலைப்பந்தும் ஆடுகின்றனர். பட்டிக் கொடியைப் பறித்து ஆடும் கொடிப் பந்தாட்டமும் 2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாக இடம்பெறவுள்ளது. ஆடுவோர் விழுதல் இயல்பு. கணுக்கால் பிசகும்; முழங்காலின் பிணையம் கிழியும். அவ்வேளையில் குட்மனின் வரலாறு எமக்கு மூன்றை நினைவூட்டுகின்றது.

முதலாவது, விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ கடும் நோவு என்றோ, கை கால் மரத்துவிட்டது என்றோ அவர் கூறினால், இருந்தபடியே அசையாது வைத்து 999ஐ அழையுங்கள். அன்பினால் தூக்கும் கையும் முண்ணாணுக்குக் கேடு செய்யக்கூடும்.

இரண்டாவது, இயன்மருத்துவர் வீட்டிற் செய்யச் சொல்லும் பயிற்சிகள் சிறியவையாகவும் சலிப்பானவையாகவும் தோன்றும். நோவு குறைந்ததும் அவற்றை விட்டுவிடுவோரே பலர். நோவு நீங்குவது வேறு. தசையும் சமநிலையும் மீள்வது வேறு. இரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை என்னும் எளிய கடமை எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை எண்ணிப் பார்த்து, சொன்ன நாள் வரை பயிற்சியைத் தொடருங்கள். அவசரப்பட்டு முன்னதாகவே களத்தில் இறங்கவும் வேண்டாம்.

மூன்றாவது பெற்றோருக்கு உரியது. காயமுற்ற பிள்ளையையோ, உடற்குறையுடன் பிறந்த பிள்ளையையோ அன்பின் பெயரால் வீட்டின் உள்ளறையில் வைத்துக் காக்கும் வழக்கம் எமது சமூகத்தில் இன்னும் மறையவில்லை. அயலார் என்ன நினைப்பரோ என்னும் தயக்கமும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றது. சுரங்கத் தொழிலாளியின் கட்டிலைச் சுற்றி வைத்த மறைப்புத் திரைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. எமது தமிழ்ப் பள்ளியின் வகுப்பிலும் மேடையிலும் மைதானத்திலும் அப்பிள்ளைகளுக்கு இடமுண்டு. அவர்களை அழைத்து வாருங்கள்.

சொந்த நாடு துரத்திய ஒருவர், வந்து சேர்ந்த நாட்டில் பிறர் கைவிட்டோரைத் தேடிச் சென்று கைகொடுத்தார். அகதியாக வந்தவர் பெறுபவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை, கொடுப்பவராகவும் உயரலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. எமது மாணவர்களுள்ளும் மருத்துவராகவும் இயன்மருத்துவராகவும் தாதியராகவும் வருங்காலத்தில் திகழப் போவோர் பலர் உளர். எயில்ஸ்பரிப் பக்கம் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், பெற்றோர் தம் பிள்ளைகளை ஸ்ரோக் மண்டெவிலுக்கு அழைத்துச் சென்று அந்த இடத்தைக் காட்டுவாராக.